டூரினில் இத்தாலி உருவான கதை சொல்லும் நடைப்பயணம்: போகலாமா?

போகலாம், கட்டாயம் போங்கள். ஆனால் கைடு சொல்வதை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டூரினுக்கு வருகிற நம்மவர்கள் எகிப்திய அருங்காட்சியகம், கார் அருங்காட்சியகம், கொஞ்சம் சாக்லேட் என்று முடித்துக்கொண்டு மிலானுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். 1861இல் இத்தாலி என்று ஒரு நாடு அறிவிக்கப்பட்டபோது அதன் முதல் தலைநகரம் இந்த ஊர்தான். பள்ளிக்கூடத்தில் மாஜினி இதயம், கவூர் மூளை, கரிபால்டி வாள் என்று எழுதி மதிப்பெண் வாங்கிய நாம், அந்த மூளை உட்கார்ந்து வேலை செய்த அறையைப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு.

இந்த நடைப்பயணம் மூன்று மணி நேரம், ஆங்கிலத்தில். சின்னக் குழு, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி தருகிறார்கள், அதனால் கைடு முன்னால் போனாலும் பேச்சு தெளிவாகக் கேட்கும். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், ஏனென்றால் கைடு மாறினால் அனுபவமும் மாறும், பாதை மட்டும்தான் மாறாது. பியாட்சா (சதுக்கம்) கஸ்தெல்லோவில் ஆரம்பித்து, பாலாட்சோ (மாளிகை) மதாமாவைச் சுற்றி, பியாட்சா சான் கார்லோ வழியாக பாலாட்சோ கரிஞானோவுக்கு வந்து, அதற்குள் இருக்கும் தேசிய ரிசார்ஜிமெந்தோ (இத்தாலி ஒன்றான இயக்கம்) அருங்காட்சியகத்தில் முடிகிறது. அருங்காட்சியக டிக்கெட் நாங்கள் கட்டிய தொகையிலேயே அடங்கியிருந்தது. உங்களுக்கு அப்படியா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆரம்பம் அருமை. பாலாட்சோ மதாமாவுக்கு முன்னால் ஒரு கல் சிலை நிற்கிறது, கொடியைப் பிடித்தபடி கையில் வாளுடன் ஒரு போர்வீரன். வின்சென்ஸோ வேலா செதுக்கியது. சாதாரணமாக யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், ஐரோப்பாவில் எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு சிப்பாய் நிற்பான். ஆனால் இதை வைத்தது டூரின்காரர்கள் இல்லை. மிலான் மக்கள், டூரினைத் தலைநகராகக் கொண்டிருந்த சார்டீனிய ராஜ்ஜியத்தின் ராணுவத்துக்குக் கொடுத்த பரிசு என்று அதன் பீடத்திலேயே எழுதியிருக்கிறது, தேதி 15 ஜனவரி 1857. அப்போது மிலான் ஆஸ்திரியாவின் கையில் இருக்கிறது, அதே நாளில்தான் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் மிலானுக்குள் நுழைகிறார். தங்களை ஆளும் பேரரசர் ஊருக்குள் வரும் நாளில், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறொரு ராஜ்ஜியத்தின் படைக்குச் சிலை வைக்கிறோம் என்று ஒரு ஊரே சொல்கிறது என்றால், அந்த மக்கள் மனதில் நாடு எது என்பது முடிவாகிவிட்டது என்று அர்த்தம். கைடு இதை நிதானமாக, பீடத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். மொத்த நடையிலும் அவர் சிறப்பாகச் செய்தது இதுதான்.

அடுத்து பாலாட்சோ மதாமா. 1848இலிருந்து 1864 வரை நாடாளுமன்றத்தின் மேலவை இங்கேதான் கூடியது. இதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டோம், பரவாயில்லை.

பிரச்சினை பியாட்சா சான் கார்லோவில் ஆரம்பித்தது. அழகான சதுக்கம்தான், இரண்டு பக்கமும் தூண் வரிசை, நடுவில் குதிரைமேல் ஒரு கோமகன் சிலை, வளைவுகளுக்குக் கீழே பழைய காபிக் கடைகள். கைடு அந்தக் கடைகளைப் பற்றியும், காபியும் சாக்லேட்டும் பாலாடையும் சேர்ந்த பிச்செரின் என்ற பானத்தைப் பற்றியும் கால் மணி நேரம் பேசினார். இதே சதுக்கத்தில் 1864 செப்டம்பரில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரான்சோடு செய்த ஒப்பந்தப்படி தலைநகரம் டூரினிலிருந்து ஃபிளாரன்சுக்குப் போகிறது என்று செய்தி கசிந்ததும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 21, 22 ஆகிய இரண்டு நாளும் பியாட்சா கஸ்தெல்லோவிலும் இங்கேயும் அரசுப் படைகள் கூட்டத்தின்மேல் சுட்டன. 50 பேருக்கு மேல் செத்தார்கள். இத்தாலி என்ற நாட்டுக்கு வயது மூன்றரை, அதை உருவாக்கிய ஊரின் மக்களையே அதன் துப்பாக்கிகள் சுட்டிருக்கின்றன. அரசர் மந்திரிசபையையே மாற்ற வேண்டியதாயிற்று. இத்தாலி உருவான கதை என்று விளம்பரப்படுத்திவிட்டு இதை விட்டால் எப்படி? நான் கேட்டதும் ஆமாம், இங்கேதான் என்று ஒப்புக்கொண்டார். தெரியாதவர் இல்லை, விடுமுறைக்கு வந்தவர்களிடம் சாவைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் இந்த நடைக்குக் காசு கொடுத்து வருகிறவர்கள் சரித்திரம் கேட்கத்தானே வருகிறார்கள்.

சரி, பாலாட்சோ கரிஞானோ. குவாரினோ குவாரினி 17ஆம் நூற்றாண்டில் கட்டிய செங்கல் மாளிகை, அலைபோல வளைந்து வரும் முகப்பு. இத்தாலியின் முதல் அரசரான இரண்டாம் விக்டர் இம்மானுவேல் இங்கே பிறந்தார் என்று முகப்பிலேயே பெரிய எழுத்தில் இருக்கும். எதிரே 1757இலிருந்து நடக்கும் தெல் காம்பியோ உணவகம். கவூர் அவை இடைவேளைகளில் அங்கே போய்ச் சாப்பிடுவார், நாடாளுமன்ற வாசல் கண்ணில் படுகிற மாதிரி உட்காருவார் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

இந்த மாளிகைக்குள்தான் நான் சொன்ன அறை இருக்கிறது. அரண்மனையின் விழா மண்டபமாக இருந்ததை 1848இல் கீழவையாக மாற்றினார்கள். அரைவட்டமாகப் படிப்படியாக இறங்கும் இருக்கைகள், எதிரே அவைத்தலைவரின் இடம், மேலே ஓவியம் தீட்டிய கூரை. நாட்டின் பெரிய தலைவர்கள் உட்கார்ந்த இடங்களில் மூவண்ண ரோஜா முடிச்சு வைத்து அடையாளம் காட்டியிருக்கிறார்கள். உள்ளே போய் உட்கார முடியாது, பார்க்கத்தான் முடியும். முதலில் தோன்றுவது, இவ்வளவு சின்னதா என்பதுதான். ஒருவர் குரலை உயர்த்தாமல் பேசினாலே கடைசி வரிசைவரை கேட்கும். 1848இல் ஐரோப்பாவில் பிறந்த நாடாளுமன்ற அவைகளில் பழைய உருவத்திலேயே மிஞ்சியிருப்பது இதுதான் என்று அருங்காட்சியகத்தார் பெருமையாகச் சொல்கிறார்கள், அந்தப் பெருமைக்கு அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

இங்கே அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். எங்கள் குழு நின்றது ஐந்து நிமிடம் இருக்கும். அதிலும் பேச்செல்லாம் கரிபால்டியின் சிவப்புச் சட்டையைப் பற்றி. கரிபால்டியை எனக்கு மிகவும் பிடிக்கும், சுமார் ஆயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு 1860 மே மாதம் கப்பல் ஏறி சிசிலியில் இறங்கி செப்டம்பரில் நேப்பிள்ஸுக்குள் போன மனிதரை யாருக்குப் பிடிக்காது? ஆனால் இந்த அறையின் கதை வேறு. வாளைவிட அதிகமாக சட்டமும் வரவு செலவுக் கணக்கும் சேர்ந்துதான் இந்த நாட்டைக் கட்டின. அந்த வேலை நடந்த இடம் இது.

1848இல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. பயந்துபோன அரசர்கள் வரிசையாக அரசியல் சாசனம் கொடுத்தார்கள்: நேப்பிள்ஸில், டஸ்கனியில், ரோமில் போப்பும்கூட. டூரினில் அரசர் கார்லோ அல்பெர்த்தோ மார்ச் 4ஆம் தேதி கொடுத்தார். ஓரிரு வருடத்தில் காற்று திரும்பியதும் மற்றவர்கள் எல்லாரும் சாசனத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். டூரினில் மட்டும் அது நின்றது. ஆஸ்திரியாவிடம் நொவாராவில் தோற்று, அப்பா முடி துறந்து போர்ச்சுகலுக்குப் போய் அங்கேயே இறந்த பிறகும் மகன் விக்டர் இம்மானுவேல் அதில் கைவைக்காமல் விட்டார். அந்தச் சாசனம் அப்படியே இத்தாலிக்கும் போய், 1948இல் குடியரசின் சாசனம் வரும்வரை நூறு வருடம் காகிதத்தில் உயிரோடு இருந்தது. மிலானிலும் மோதெனாவிலும் வெனிசிலும் இருந்து தப்பி ஓடி வந்தவர்கள் எல்லாரும் டூரினுக்கு வந்ததற்குக் காரணம் ராணுவ பலம் இல்லை, தோற்ற ராணுவம் அது. பத்திரிகை நடத்தலாம், அவையில் பேசலாம் என்பதுதான் காரணம்.

இந்தச் சின்ன அறையில் 1850இல் மதகுருமார்களுக்கென்று இருந்த தனி நீதிமன்றங்களை ஒழித்தார்கள். விவசாயம், நிதி என்று இலாகாக்களைப் பார்த்த கவூர், 1852இல் இடதுசாரி மையத்தின் தலைவர் ரத்தாட்சியோடு கைகோத்துப் பெரும்பான்மை சேர்த்து, அந்த வருடக் கடைசியில் பிரதமர் ஆனார். 1855இல் சம்பந்தமே இல்லாத கிரிமியப் போருக்கு 15,000 பேரை அனுப்பலாமா என்று இங்கே கடுமையாக வாதாடினார்கள். அனுப்பியதால்தான் அடுத்த வருடம் பாரிஸ் மாநாட்டில் பெரிய வல்லரசுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இத்தாலியைப் பற்றிப் பேச முடிந்தது. 1857இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து ரயில் விட ஒத்துக்கொண்டார்கள், சுமார் 13 கிலோமீட்டர். ஆரம்பிக்கும்போது குகையின் இரண்டு வாயும் ஒரே ராஜ்ஜியத்துக்குள் இருந்தன. 1871இல் முடியும்போது மறுமுனை பிரான்சில் இருந்தது, ஏனென்றால் நடுவில் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த சவோய் பகுதியை பிரான்சுக்குக் கொடுத்துவிட்டார்கள். பேச்சு மொழிகூட கவனிக்க வேண்டியது: அவையின் மொழி இத்தாலியன் என்று சாசனம் சொன்னது, பிரெஞ்சு பேசும் பகுதிகளின் உறுப்பினர்கள் பிரெஞ்சிலும் பேசலாம் என்று அதே பிரிவு சொன்னது. கவூருக்கே பிரெஞ்சுதான் சரளம்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற காட்சி 12 ஏப்ரல் 1860. நீஸையும் சவோயையும் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் மார்ச் 24ஆம் தேதியே கையெழுத்தாகிவிட்டது. ஆஸ்திரியாவுக்கு எதிராக பிரான்ஸ் வந்து சண்டை போட்டதற்கும், நடு இத்தாலியைச் சேர்த்துக்கொள்ள விட்டதற்கும் விலை அது. நீஸ் கரிபால்டி பிறந்த ஊர், அப்போது அவர் நீஸின் உறுப்பினரும்கூட. அவர் அவையில் எழுந்து வாளைப் பற்றிப் பேசவில்லை, சாசனத்தின் 5ஆம் பிரிவைப் பற்றிப் பேசினார். நாட்டின் எல்லையை மாற்றும் ஒப்பந்தம் அவையின் சம்மதம் இல்லாமல் செல்லாது, அதற்கு முன்னால் நீஸில் எப்படி வாக்கெடுப்பு வைக்கலாம் என்று கேட்டார். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் வாக்கெடுப்பு நடந்தது, ஊர் போனது. நான்கு வாரத்துக்குள் அவர் குவார்த்தோ கடற்கரையில் சிசிலிக்குக் கப்பல் ஏறிவிட்டார். சிவப்புச் சட்டைக்காரர் சட்டப் பிரிவைக் காட்டி வாதாடியதும், மூளைக்காரர் அதே பிரிவை ஒதுக்கிவிட்டு ஊரை விற்றதும் இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டிய கதை. கைடு சொல்லவில்லை. நீங்கள் போனால் கேளுங்கள்.

அங்கிருந்து அருங்காட்சியகத்தின் அறைகள், வரிசையாக 30. எழுத்துப் பலகைகள் நன்றாக இருக்கின்றன, பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து முதல் உலகப்போர் வரை போகிறது, இத்தாலியை மட்டும் பார்க்காமல் ஐரோப்பாவோடு சேர்த்துக் காட்டுகிறார்கள். களைப்பாக இருந்தால் நடுவில் சில அறைகளைத் தாண்டலாம், ஆனால் அந்தப் பெரிய மண்டபத்தை விடாதீர்கள். புதிய இத்தாலிக்கு பழைய சின்ன அவை போதாது, 443 உறுப்பினர்கள். அதனால் முதலில் முற்றத்தில் ஒரு தற்காலிகக் கூடம் போட்டார்கள். 1861 பிப்ரவரியில் முதல் கூட்டம் அதில்தான், மார்ச் 17ஆம் தேதி விக்டர் இம்மானுவேல் இத்தாலியின் அரசர் என்று சட்டம் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். பிறகு நிரந்தரமாக ஒரு பெரிய அவையைக் கட்ட ஆரம்பித்தார்கள். கட்டி முடிப்பதற்குள் தலைநகரம் ஃபிளாரன்சுக்கும் அப்புறம் ரோமுக்கும் போய்விட்டது. ஒரு நாள்கூட நாடாளுமன்றம் கூடாத அந்த மண்டபத்தில் இப்போது பிரம்மாண்டமான போர் ஓவியங்கள்.

இன்னொன்று. புதிய நாட்டின் முதல் அரசர் தன்னை முதலாம் என்று மாற்றிக்கொள்ளவில்லை, இரண்டாம் என்றே இருந்தார். முதல் இத்தாலிய நாடாளுமன்றத்துக்கு எட்டாவது என்று எண் கொடுத்தார்கள், சார்டீனியாவின் வரிசையைத் தொடர்ந்து. புது நாடு பிறந்ததா, பழைய ராஜ்ஜியம் பெருத்ததா என்று தெற்கத்திக்காரர்கள் அன்றைக்கே கேட்டார்கள். எங்கள் குழுவில் நேப்பிள்ஸிலிருந்து வந்த ஒரு பெரியம்மா இருந்தார், அவரும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார், எங்கள் ஊருக்கு உங்கள் சட்டம் வந்தபோது எங்களிடம் யார் கேட்டது என்று. கைடு, பொது வாக்கெடுப்பு நடந்ததே என்றார். நடந்தது. 1860 அக்டோபர் 21, நேப்பிள்ஸ் பகுதியில் ஆதரவாக 13,02,064 பேர், எதிராக 10,312 பேர். ஆனால் ஆம் என்பதற்கு ஒரு பெட்டி, இல்லை என்பதற்கு ஒரு பெட்டி, எல்லார் கண்முன்னாலும் சீட்டை எடுக்க வேண்டும். அந்த வாக்கெடுப்பில் வயது வந்த ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டு இருந்தது. மூன்றே மாதம் கழித்து நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது 25 வயது, எழுத்தறிவு, 40 லிரா வரி என்ற பழைய பீட்மாண்ட் (டூரினைச் சுற்றியுள்ள பகுதி) விதி. 2 கோடியே 20 லட்சம் மக்களில் ஓட்டு இருந்தது சுமார் 4,18,000 பேருக்கு. நாட்டோடு சேரச் சம்மதம் சொல்ல எல்லாரும் வேண்டும், அந்த நாட்டை நடத்த இரண்டு சதவீதம்கூட வேண்டாம்.

அதன் பிறகு பீட்மாண்டின் நிர்வாகச் சட்டம், பள்ளிச் சட்டம், கட்டாய ராணுவச் சேவை எல்லாம் தெற்கே இறங்கின. எல்லாப் பழைய ராஜ்ஜியங்களின் கடனையும் 1861இல் ஒரே பேரேட்டில் ஏற்றினார்கள். அடுத்த வருடம் ஒரே நாணயம். இதெல்லாம் இல்லாமல் ஒரு நாடு நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெற்கில் கலகம் வெடித்தபோது 1863இல் பீக்கா சட்டம் கொண்டுவந்து ராணுவ நீதிமன்றங்களை வைத்து அடக்கினார்கள். அடுத்த வருடம் டூரின் சதுக்கத்தில் சுட்டது அதே பழக்கம். பெரியம்மாவுக்கும் கைடுக்கும் நடந்த அந்தப் பத்து நிமிடப் பேச்சு, நாங்கள் கட்டிய காசுக்கு மேலேயே கிடைத்த லாபம்.

மாஜினிக்கு இவர்கள் கொடுக்கும் நேரம் மிகக் குறைவு, அது எனக்கு வருத்தம். 1831இல் மார்சேயில் இளம் இத்தாலி இயக்கத்தைத் தொடங்கியவர், அந்த இயக்கத்தின் சபதத்தை பாரதி தமிழ்ப் பாட்டாகவே தந்திருக்கிறார். குடியரசு வேண்டும், அரசர் வேண்டாம் என்று கடைசிவரை நின்றார். டூரின் அரசு அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தது, நாடு ஒன்றான பிறகும் அதை உடனே நீக்கவில்லை. 1866இல் மெஸ்ஸினா மக்கள் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள், அந்தத் தண்டனையைக் காட்டி நாடாளுமன்றம் தேர்தலையே செல்லாது என்றது. 1872இல் பீசாவில் வேறொரு பெயரில் தங்கியிருந்தபோது இறந்தார். நம் ஊர்ப் பாடப்புத்தகத்தில் முதல் பெயர் அவருடையது. இந்த நடையில் அவருக்குக் கிடைத்தது ஒரு நிமிடம்.

நடை முடிந்ததும் நீங்களாகவே போக வேண்டிய ஓர் இடம் சொல்கிறேன். பியாட்சா சவோயாவில் ஒரு கல் தூண் நிற்கிறது, மதகுரு நீதிமன்றங்களை ஒழித்த சிக்கார்தி சட்டத்துக்காக 1853இல் எழுப்பியது. சட்டம் எல்லாருக்கும் சமம் என்று பொறித்திருக்கிறார்கள், பணம் கொடுத்த நூற்றுக்கணக்கான ஊர்களின் பெயர்களும் அதில் உண்டு. அருகில் போய் விரலால் தடவிப் படியுங்கள், பாதிப் பெயர்கள் பெரிய வரைபடத்தில் தேட வேண்டிய சிற்றூர்கள். அடியில் ஒரு பெட்டிக்குள் அன்றைய செய்தித்தாள், நாணயங்கள், அரிசி விதை, ஒரு பாட்டில் பார்பேரா ஒயின், டூரினின் குச்சி ரொட்டி எல்லாம் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். ஒரு சட்டம் நிறைவேறியதற்காக ஊர் ஊராகக் காசு சேர்த்துத் தூண் எழுப்பியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. மையப் பகுதியிலிருந்து நடந்தே போய்விடலாம், டிக்கெட் கிடையாது.

மற்றபடி நடைமுறை விஷயங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், அன்றைக்குப் பதிவு செய்தால் வெளியே நின்று மாளிகையைப் பார்ப்பதோடு சரி. டூரின் சுற்றுலா அட்டை வைத்திருந்தால் உள்ளே தனியாக டிக்கெட் வாங்க வேண்டியதில்லை, அப்போது டிக்கெட் சேராத மலிவான நடையை எடுத்துக்கொள்ளலாம். சின்னக் குழந்தைகளுக்கு மூன்று மணி நேரம் அதிகம். பத்தாம் வகுப்பு தாண்டிய பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள், அவர்களுக்குப் பாடம் இன்னும் ஞாபகத்தில் இருக்கும். குழுவோடு அந்த அவை அறையைப் பார்த்தது போதவில்லை என்றால், பயணம் முடிந்ததும் கைடிடம் விடைபெற்றுக்கொண்டு உள்ளேயே தங்கிவிடுங்கள், அதே டிக்கெட்டில் மூடும்வரை இருக்கலாம், நான் அப்படித்தான் செய்தேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். செப்டம்பர் 1864ஐயும் ஏப்ரல் 1860ஐயும் சேர்த்துக்கொண்டால் ஐந்தும் கொடுப்பேன், பிச்செரின் பேச்சிலிருந்து பத்து நிமிடத்தை எடுத்தாலே போதும்.